நடுவில் பாடுகிறவன்

சிலுவைக்கு நாய்க்காது என்று ஊரில் சொல்வார்கள். அது வசவு இல்லை, மரியாதை. கடியப்பட்டணத்தை அடுத்த அந்தச் சிறிய துறையிலிருந்து எண்பது வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. ஏலக்கூடத்தின் மாடியறையில் உட்கார்ந்து அத்தனை வள்ளங்களோடும் வயர்லெஸ்ஸில் பேசுவதுதான் அவன் வேலையாக இருந்தது. நங்கூரக் கயிறு சுற்றி இடது கையில் மூன்று விரல்கள் போன பிறகு பங்குப் பேரவை அவனை அங்கே உட்கார வைத்தது. கோயில் காரியத்தையும் ஊர்க் காரியத்தையும் சேர்த்துப் பார்க்கிற குழு அது. பதிமூன்று வருஷம் அங்கே இருந்தான். கடலில் ஒருவன் செட்டின் பொத்தானை அழுத்தி, பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுத்தாலே போதும், இன்னாருடைய வள்ளம் என்று சிலுவை சொல்லிவிடுவான். இருமினால் எத்தனை நாள் காய்ச்சல் என்றும் சொல்வான் என்று இளவட்டங்கள் கேலி பேசுவதுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கடல் தகடு போலக் கிடந்தது. பகல் பதினொன்றரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காற்று எழுந்தது. அறுபத்திரண்டு வள்ளங்கள் வெளியே கிடந்தன. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிலுவையிடம் பேச வேண்டியிருந்தது. அறையில் மூன்று செட்டுகள் உண்டு. முதலாவது சொந்தத் துறைக்கு. இரண்டாவதில் பக்கத்துத் துறைக்காரர்கள் பேசுவார்கள். சிலுவையின் மகன் லிஜோ அந்த வருஷம் அங்கேதான் ஒரு வள்ளத்தில் ஏறியிருந்தான். மூன்றாவது ஆபத்து நேரத்துக்கான பொதுச் சேனல். மூன்றும் ஒன்றாகக் கத்தின. மாடிப்படி முழுக்க ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு வள்ளங்கள் கரையேறின. வராதது ஜெப்சனுடையது. அவனோடு மூன்று பேர் போயிருந்தார்கள். அதில் இளையவன் எட்சன், இருபத்திரண்டு வயது, மீன் விற்கிற செசிலியின் கடைக்குட்டி. பதினோரு நாள் தேடியதில் ஐஸ் பெட்டியின் மூடி மட்டும் கிடைத்தது.

அதற்குப் பிறகு பேரவை கூடியது. பேரவைத் துணைத்தலைவர் மரியஜான் எல்லார் முன்னிலையிலும் சிலுவையை எழுப்பி நிறுத்தி, ஜெப்சன் செட்டில் கரையைக் கூப்பிட்டானா இல்லையா என்று கேட்டார்.

"விளிக்கல," என்றான் சிலுவை. "நல்ல மீனு கண்டா அவன் செட்ட அணைச்சிப் போடுவாம்லா. அன்னைக்கும் அணைச்சிருப்பான்."

அப்படி ஒரு பழக்கம் உண்டு. மீன் கூட்டமாகக் கிடக்கிற இடத்தைக் கண்டுவிட்டால், செட்டில் யாராவது கேட்டு வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது என்று சில பேர் அதை அணைத்து வைப்பார்கள். ஜெப்சனும் அணைப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் சிலுவை சொன்னதை நம்ப யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. காற்று வருகிறது, திரும்பி வாருங்கள் என்று கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினபோது, மீன் ஆசையில் செட்டை அணைத்து வைத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் சாகக் கொடுத்தவன் ஜெப்சன் என்று ஊர் முடிவு செய்தது. அவன் செத்துப்போனதால் அந்தக் கோபத்தை வைக்க வேறு இடம் இல்லை. அவன் மனைவி ஸ்மிதாமேல் வைத்தார்கள்.

ஸ்மிதா மீன் விற்கிறவள். துறையிலிருந்து பெண்கள் ஒரே வண்டியில் அகன்ற மீன்பாத்திரமான சருவத்தோடு ஏறி, கரையை விட்டு உள்ளே இருக்கிற சந்தைகளுக்குப் போவார்கள். அந்த வண்டியில் அவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. யாரும் ஏறாதே என்று சொல்லவில்லை. அவள் வரும்போது எல்லாரும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் மீன்சருவத்தை ஏற்ற நடத்துநர்கள் சம்மதிப்பதில்லை. அவள் நடந்தே போய்ப் பக்கத்துத் தெருக்களில் விற்றாள். நாலு பேருக்கும் ஒரே திருப்பலி வைத்தபோது வாசித்ததில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. ஜெப்சனுக்கு அவள் தனியாக வைத்தாள். பீடச்சிறுவர்களையும் சேர்த்து ஒன்பது பேர் வந்தார்கள்.

மாதம் ஒரு தடவை, முதல் வெள்ளி திருப்பலி முடிந்ததும், அவள் மாடியேறி வருவாள். வாசலில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அவரு விளிச்சாரா, மாமா?"

"இல்ல மக்களே," என்பான் சிலுவை.

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போவாள். இருபது மாதங்களுக்குமேல் இப்படி நடந்தது.

சிலுவையின் அண்ணன் மகள் லிஜா கன்னியாஸ்திரீ. இத்தாலியில், ரோமுக்கு வடக்கே ஒரு மலையூரில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் மடத்தில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவை சித்தப்பாவுக்கு வாட்ஸாப்பில் பேசி அனுப்புவாள். போன ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவள் அனுப்பியதைக் கேட்டபோது சிலுவைக்கு எரிச்சல் வந்தது. அவள் பேச்சுக்குப் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இழுக்கிறான். அவன் முடிப்பதற்குள் வேறொருவன் அதையே வேறு உயரத்தில் இழுக்கிறான். அப்புறம் ஒரு பெண் குரல். ஒரே சேனலில் நாலைந்து வள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசுவது போல இருந்தது. பதிமூன்று வருஷப் பழக்கம் விடுமா? உடனே பதில் பேசி அனுப்பினான்.

"மக்கா, உனக்கப் பின்னால ரெண்டு மூணு ரேடியோ ஒண்ணாக் கிடந்து அலறுது. அத அணைச்சிட்டுப் பேசு."

லிஜா சிரித்தது முழுதாக ஒரு நிமிஷத்துக்குப் பதிவாகி வந்தது. அது ரேடியோ இல்லை, மடத்துக்குக் கீழே உள்ள கூடத்தில் கோயில் பாடகர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் பாடிப் பழகுகிறார்கள் என்றாள். ஐந்நூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த பாட்டு. நம்முடைய கரையில் நம் ஆட்கள் ஞானஸ்நானம் வாங்கிய அதே காலத்தில் இங்கே எழுதியது. தாளம் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஐந்து குரல், ஐந்து வழி, ஆனால் சொல்வது ஒரே ஜெபம்: ஆண்டவரே இரக்கமாயிரும். அவர்கள் பாஷையில் கீரியே எலேய்சோன். முழுப் பாட்டையும் பதிவு செய்து அனுப்புகிறேன், கேளுங்கள் என்றாள். அனுப்பினாள். நாலு நிமிஷம்.

கேட்டான். பிடிக்கவில்லை. அவர்கள் கோயிலில் கீபோர்டு முதலில் ஒரு தடவை வாசித்துக் காட்டும், பிறகு ஊரே சேர்ந்து ஒரே மெட்டில் பாடும், ஒலிபெருக்கி கடல்வரை கேட்கும். அதுதான் அவனுக்குப் பாட்டு. இதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மாடிக்கு டீ கொண்டுவந்த ஜெஃப்ரின் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற இளவட்டம் அவன்.

"என்ன மாமா, பாட்டுக்காரனுவளுக்குக் கூலி குடுக்கலியோ? ஆளுக்கு ஒரு நேரம் வாறானுவ, ஆளுக்கு ஒரு நேரம் போறானுவ."

சிலுவையும் சிரித்தான். ஆனால் மறுநாள் மத்தியானம், வள்ளங்கள் கரையில் கிடந்து செட்டுகள் சும்மா இருக்கிற நேரத்தில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் போட்டான். சிக்கிக் கிடக்கும் வலையைப் பார்த்தும் கை வைக்காமல் போகிற மீன்காரன் இல்லை. சிக்கிக் கிடந்த அந்தக் குரல்களும் அவனை அதுபோல இழுத்தன. ஒரு தடவைக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டான். வள்ளங்களைப் போல. இன்றைக்கு இந்த ஒன்று எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போக வேண்டும், மற்றது எது கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

உச்சியில் பாடுகிறவர்கள் லேசாகக் கிடைத்தார்கள். அடியில் உறுமுகிறவனும் இரண்டே நாளில் கிடைத்தான். மேலிருந்து இரண்டாவதாக வருகிற பெண் குரல் ஒரு வாரம் எடுத்தது. நாலாவதும் எப்படியோ கிட்டியது. ஐந்தாவது ஒருவன், நடுவில் பாடுகிறவன், கிடைக்கவே இல்லை. 'கீரியே' என்று அவன் ஆரம்பிப்பது கேட்கும். இரண்டு சொல் போவதற்குள் மேலே இருக்கிறவர்கள் சத்தம் கூட்டி ஏறுவார்கள், சிலுவையின் காது தன்னை அறியாமல் அங்கே ஓடிவிடும். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பாடுவதை நிறுத்திவிட்டான்போல என்றுதான் முதலில் நினைத்தான். லிஜாவிடம் கேட்டான். அவள் பாடகர்களிடம் விசாரித்துச் சொன்னாள்: அவர் நிறுத்துவதே இல்லை சித்தப்பா, முதலிலிருந்து கடைசிவரை பாடுகிறவர் அவர் ஒருவர்தானாம்.

அந்தப் பதில் அவனை என்னவோ செய்தது. ஒருவன் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்கிறான். கேட்கிறவன் காதில் அவன் இல்லை.

மூன்று வாரம் மத்தியானங்களை அதற்கே கொடுத்தான். கடைசியில் வழி பிடிபட்டது. அவன் சத்தத்தைத் தேடினால் கிடைக்க மாட்டான். மேலே உள்ளவர்கள் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று உண்டு, கண்ணிமைக்கும் நேரம். அங்கே போய்க் காத்திருந்தால் அவன் தானாக வருவான். அங்கே பிடித்துக்கொண்டு, பெரிய சத்தம் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல் அலைக்கு அடியில் முங்குவதுபோல அதன் கீழே போய்விட வேண்டும். ஒரு புதன்கிழமை அவனை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் கேட்டான். அலங்காரம் ஒன்றுமில்லாத குரல். இழுத்து இழுத்து அதே இரண்டு சொல்லைச் சொன்னது. இரக்கமாயிரும் என்று ஒருவர் கேட்டு முடிக்குமுன் இன்னொருவர் கேட்கிறார், அவர் முடிக்குமுன் மற்றொருவர். நாலு நிமிஷமும் கேட்பதுதான் இருக்கிறது. பதில் எங்கேயும் இல்லை. பாட்டு முடிந்ததும் சிலுவை இயர்போனைக் கழற்றினான். இவ்வளவு நாள் தனக்குப் பெரிய காது என்று நினைத்திருந்தான். ஒவ்வொருவராகப் பேசும்போதுதான் அந்தக் காது பெரியது. எல்லாரும் சேர்ந்து பேசும்போது அதுவும் உரக்கப் பேசுகிறவன் பக்கம்தான் ஓடியிருக்கிறது.

அந்த வாரம் வந்த முதல் வெள்ளியில் ஸ்மிதா வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்றாள்.

"அவரு விளிச்சாரா, மாமா?"

சிலுவை வாயைத் திறந்தான். இருபது தடவை சொன்ன சொல், நாக்கில் தயாராக இருந்தது. வரவில்லை. விளிக்கவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தான் கேட்கவில்லை என்பது மட்டும்தானே தெரியும். தலையை மட்டும் அசைத்தான். அவள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு மத்தியானமே ஜெஃப்ரினைக் கூப்பிட்டான். காற்றடித்த அந்த வெள்ளிக்கிழமை ஜெஃப்ரின் அறைக்குள் நின்று போனில் வீடியோ எடுத்திருந்தான். ஆறு நிமிஷம். ஊர் முழுக்கக் கை மாறிய வீடியோ. சிலுவை அதை ஒரு தடவை பார்த்து மூடியதோடு சரி.

"அது எதுக்கு மாமா இப்ப?" என்று கேட்டுக்கொண்டேதான் ஜெஃப்ரின் அனுப்பினான்.

வீடியோவில் சிலுவையின் முதுகு தெரிந்தது. முதல் செட்டில் சொந்தத் துறைக்காரர்கள் மாறி மாறிக் கத்துகிறார்கள். மூன்றாவது செட்டில் யாரோ மலையாளத்தில் இடம் சொல்கிறார். அறைக்குள் பெண்கள் மாதாவைக் கூப்பிட்டு அழுகிறார்கள். இரண்டாவது நிமிஷத்தில் இரண்டாவது செட்டில் லிஜோவின் குரல் வருகிறது, எஞ்சின் நின்றுபோச்சு அப்பா என்று. சிலுவை அந்த மைக்கை எடுக்கிறான். எடுத்தவன் மூன்று விரல் போன இடது கையை நீட்டி, முதல் செட்டின் ஒலியைக் குறைக்கிறான். குறைத்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தான். கை போகிறது. திருகுகிறது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டான். லிஜோவின் பின்னால் போகக் கூடாது. அழுகிற பெண்களின் பின்னால் போகக் கூடாது. கத்துகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் போய்க் காத்திருந்தான். நாலாவது தடவை ஓடவிட்டபோது அங்கே, ஒலி குறைந்து கிடந்த முதல் செட்டில், ஒரு மூச்சு கேட்டது. பேசுவதற்கு முன்னால் இரண்டு துண்டாக உடைத்து இழுக்கிற மூச்சு. அப்படி இழுக்கிறவன் அந்தத் துறையில் ஒருத்தன்தான்.

சிலுவை மாமா, என்றது. நிறுத்தி, மறுபடியும் சிலுவை மாமா. முட்டம் லைட்ஹவுசுக்கு நேர் தெக்க, முப்பது பாகம் ஆழத்துல நிக்கேன். வள்ளத்துக்குள்ள வெள்ளம் கேறுது மாமா. பயலுவ கோரிக்கிட்டு இருக்கானுவ. ஆள அனுப்புங்க. சிலுவை மாமா. கேக்குதா.

நாற்பது செகண்ட். தூரத்திலிருந்து, சின்னச் செட்டில், கரையிலுள்ள உயரமான ஆன்டெனாவுக்கு மட்டும் எட்டுகிற அளவுக்கு. அந்த நாற்பது செகண்டும் அதன்மேல் வேறொரு குரல் கிடந்தது. பெரிய, நிதானமான, பக்கத்திலேயே கேட்கும் குரல். பதறாத மக்கா, நான் இருக்கேம்லா, ஆங்கர போடு, நான் இங்கதான் இருக்கேன் என்று தன் பிள்ளையைத் தேற்றுகிற சிலுவையின் குரல்.

பிறகு வந்த ஒரு மாதம் சிலுவை அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. வீடியோவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. செட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டாலும் இரண்டு தடவை பெயர் கேட்டான். சிலுவைக்கு வயசாகிறது என்றார்கள். லிஜோ கடலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது, எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்ப்பான். மகன் உயிரோடு சோறு தின்கிறான். அதில் சந்தோஷப்படாத தகப்பன் உண்டா? அவனும் சந்தோஷப்பட்டான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த முதல் வெள்ளியில் ஸ்மிதா வாசலில் நிற்காமல் உள்ளே வந்தாள். ஊரை விட்டுப் போவதாகச் சொன்னாள். அருமனைப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். அவளுக்கு ஒன்றுமில்லை, எதையும் தாங்கிக்கொள்வாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகளைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, உன் அப்பாதான் எங்க மாமாவைக் கொன்னாரு என்று சொல்லிவிட்டதாம். சொன்னது செசிலியின் பேத்தி.

"போவதுக்கு முந்தி கடைசியா ஒருக்கா கேக்கேன். விளிச்சாரா?"

"விளிச்சான்," என்றான் சிலுவை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் இயர்போனை அவளிடம் கொடுத்து வீடியோவை ஓடவிட்டான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். ஒரே இரைச்சலாகக் கிடக்கிறதே, ஒன்றும் கேட்கவில்லையே என்றாள். தன்னைத் தேற்றுவதற்காக அவன் கதை கட்டுகிறானோ என்ற சந்தேகம் அவள் கண்ணில் வந்தது.

அப்போது லிஜா எப்போதோ சொன்னது அவனுக்கு உதவியது. ஐந்து பேரும் சேர்ந்து பாடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடவைப்பார்களாம். தனியாகக் கேட்டுவிட்டால் பிறகு கூட்டத்திலும் அந்தக் குரல் தெரியுமாம். சிலுவை போனை நிறுத்தினான். செட்டுகள் மூன்றையும் அணைத்தான். மூச்சை இரண்டு துண்டாக உடைத்து இழுத்து, ஜெப்சன் சொன்னதை ஜெப்சன் விட்ட இடைவெளிகளோடு சொன்னான். சிலுவை மாமா என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டான். வெள்ளம் கேறுது என்றான். கேக்குதா என்றான். சொல்லி முடித்துவிட்டு வீடியோவை ஓடவிட்டான்.

இந்தத் தடவை அவளுக்குக் கேட்டது. எந்த இடத்தில் கேட்டது என்பது அவள் கையில் தெரிந்தது. சேலை முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் திறந்துகொண்டன. முடிந்த பிறகும் அவள் அழவில்லை.

"மேல கேக்குதது யாருக்கச் சத்தம்?"

"எனக்கது."

"யாருகிட்டப் பேசிட்டிருந்திய?"

"லிஜோகிட்ட."

அவள் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, ஒன்று மட்டும் சொன்னாள்.

"இத எல்லாரும் கேக்கணும். நீங்கதான் கேக்க வைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு பேரவைக் கூடத்தில் அது நடந்தது. மரியஜான் போனை ஒலிபெருக்கியில் இணைத்துக் கொடுத்தார். வீடியோ ஓடியது. நூறு பேருக்குமேல் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது பழைய இரைச்சல்தான். மாடியிலேயே இருந்து இருந்து சிலுவைக்கு மண்டை குழம்பிவிட்டது என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். சிலுவை ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னான். நடுக்கூடத்தில் நின்று ஜெப்சனின் பங்கைத் தனியாகச் சொன்னான். முதல் மூச்சிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கடல்காரர்களுக்கு ஆள் குரல் மறக்காது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செசிலி கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் வீடியோவை ஓடவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை. மூன்றாவது தடவைக்குள் அந்தக் கூடத்தில் அதைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. ஜெப்சனைக் கேட்டவர்கள் அவன்மேல் கிடந்த குரலையும் கேட்டார்கள்.

மரியஜான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "மாடிச் சாவிய வச்சிட்டுப் போ சிலுவை," என்றார். அவன் வைத்தான்.

லிஜோ கூடத்தின் கடைசியில் நின்றிருந்தான். வீட்டுக்கு வந்து துணிகளைப் பைக்குள் திணித்தான். கொச்சியில் ஒரு விசைப்படகில் ஏறப் போவதாக அம்மாவிடம் சொன்னான். தகப்பன் வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் கடைசியில் பேசினான்.

"என்னக் காப்பாத்துனதப் போயி ஊருகூட்டிப் பாவம்னு சொல்லிட்டு வந்திருக்கிய. இனி நான் இந்தக் கரையில எப்படி நடக்கது? நாலு பேருக்க உயிர எனக்கப் பேருல எழுதி வச்சிட்டியள."

சிலுவை விலகி வழிவிட்டான். மகன் சொன்னதில் தப்பு இருக்கவில்லை.

ஊர் ஸ்மிதாவிடம் மன்னிப்புக் கேட்டதா என்றால், ஒரு வீட்டுக்காரர்கள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது; அதனால் முன்னைவிட அதிகமாக அவளை விட்டு விலகி நடந்தார்கள். வண்டியில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். இனி அவர்களோடு ஒரே வண்டியில் தன்னால் உட்கார முடியாது என்று அவள் பதில் சொல்லியனுப்பினாள். ஜெப்சன் பெயரையும் சேர்த்து நாலு பெயருக்கும் ஒரு திருப்பலி வைத்தார்கள். அதற்கு வந்திருந்து, முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு அருமனைக்குப் பஸ் ஏறினாள். சிலுவையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது சிலுவைக்கு வேலை இல்லை. வீட்டில்தான் இருக்கிறான். மாடியறையில் ஜெஃப்ரின் உட்காருகிறான். பேரவை புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறது, காற்று நேரத்தில் ஒரு செட்டுக்கு ஒரு ஆள். லிஜா இன்னும் பேசி அனுப்புகிறாள். இரண்டு புதிய பாட்டுகள் அனுப்பினாள், ஆறு குரலுக்கு ஒன்று, எட்டுக் குரலுக்கு ஒன்று. அவன் கேட்கிறான். முன்போல ஆர்வமாக இல்லை. எட்டில் எந்த ஆள் விட்டுப்போகிறான் என்று தேடித் தேடிக் களைத்துப்போகிறான்.

ஒரு நாள் தவறாமல் வருகிறவள் செசிலி மட்டும்தான். சந்தை முடிந்து, காலிச் சருவத்தை முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, பதினொரு மணிவாக்கில் வந்து உட்காருவாள். முதல் நாள் அவள் வந்தபோது சண்டைக்கு வருகிறாள் என்று சிலுவையின் மனைவி பயந்து கதவோரம் நின்றாள். செசிலி கேட்டது வேறு. கோரிக்கிட்டு இருக்கானுவ என்று ஜெப்சன் சொல்கிறானே, அப்படியென்றால் எட்சனும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். அவன் ஏதாவது பேசியிருப்பான். அவன் சத்தமும் அதில் எங்கேயாவது கிடக்கும். தேடு என்றாள்.

சிலுவை தேடினான். ஜெப்சனுக்கும் கீழே போய்த் தேடினான். அந்த நாற்பது செகண்டில் இருப்பதெல்லாம் அவனுக்கு இப்போது மனப்பாடம். ஜெப்சனின் செட்டில் தண்ணீர் அடிக்கும் சத்தம் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி பலகையில் இடிக்கும் சத்தம் இரண்டு தடவை வருகிறது. வாளியைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது. எட்சனின் குரல் அதில் இல்லை. இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லி, அம்மா என்று கூப்பிட்டான் அக்கா என்று அவளை அனுப்பிவிடலாமா என்று பல நாள் யோசித்தான். ஒரு தடவை அறியாமல் சொன்ன பொய் என்ன செய்தது என்று பார்த்தாயிற்று. அறிந்து ஒன்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

நேற்றும் வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லக்கா," என்றான் சிலுவை. "எத்தன மட்டம் கேட்டாச்சு. எட்சன் அதுல இல்ல."

செசிலி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"ஜெப்சனும் அதுல இல்லன்னுதாம்லா நீ முதல்ல சொன்ன."

சிலுவை போனை எடுத்தான். இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் செருகிக்கொண்டு மறு முனையை அவளிடம் நீட்டினான். அவள் சேலை முந்தானையால் காதைத் துடைத்துவிட்டு வாங்கி மாட்டினாள். அவன் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான்.